மூன்றாம் தண்ணீர்

முதலாவது அநியாயம், கூலி உயர்வுப் போராட்டத்தின் முதல் துண்டறிக்கையை எழுதியது நான், அதன் அடியில் வந்தது தோழர் அர்த்தனாரியின் பெயர். இரண்டு பெயருக்கு இடம் பத்தவில்லை என்றான் அச்சகத்துக்காரன். இரண்டாவது, அந்தப் போராட்டம் ஜெயித்த அன்று பூமாலை விழுந்தது அர்த்தனாரியின் கழுத்தில். நான் மேடைக்குக் கீழே மைக் செட்டுக்காரனோடு ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது, சாயக்கழிவை ஆற்றில் விடாதே என்று பாலத்தில் மறியல் செய்து கைதானோம், மறுநாள் பேப்பரில் 'அர்த்தனாரி உள்ளிட்டோர் கைது' என்று வந்தது. அந்த 'உள்ளிட்டோர்' நான். நான்காவது, இந்த நூலகம். இந்தக் கட்டடம் வேண்டும் என்று மனு எழுதி, தறிக்குத் தறி போய்க் கையெழுத்து வாங்கியது நான். வாசல் கல்வெட்டில் திறந்து வைத்தவர் இருக்கிறார், தலைமை தாங்கிய அர்த்தனாரி இருக்கிறான், கட்டடம் கட்டிய காண்ட்ராக்டர்கூட இருக்கிறார். ஐந்தாவது, என் மனைவி பாவாயி இப்போது இந்தக் கூட்டத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசிய எந்த வாயிற்கூட்டத்திலும் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்தது கிடையாது. ஆறாவது, சுகந்தி. வரிசை முக்கியம். வரிசை தவறிப் புகார் சொல்கிறவனை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவான், நான் பார்த்திருக்கிறேன். ஏழாவதாகவும் ஒன்று இருக்கிறது. அதைச் செய்தது யார் என்று தெரியாததால் இன்னும் பட்டியலில் சேர்க்கவில்லை. அது மூன்றாம் தண்ணீரின் நிறத்தில் இருக்கிறது.

மூன்றாம் தண்ணீர் என்றால் சாயப்பட்டறையில் கை நனைத்தவர்களுக்குத் தெரியும். சிவப்பில் முக்கி எடுத்த நூல் சிட்டத்தை முதல் தொட்டியில் அலசினால் தண்ணீர் ரத்தமாகும், இரண்டாவது தொட்டியில் செம்பருத்தி நிறம் வரும், மூன்றாவதில் வெறும் ரோஸ், சர்பத்தில் ஐஸ் கரைந்தபின் டம்ளரில் மிச்சம் இருக்கிற ரோஸ். ஆடி மாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டுக் கழிப்பறையில் அந்த நிறத்தைப் பார்த்தேன். வலி இல்லை, எரிச்சல் இல்லை. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன், பிறகு தண்ணீர் ஊற்றினேன், போதாமல் இன்னும் ஊற்றினேன். சில நாள் வரவில்லை. போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். மறுபடி வந்தது. யாருக்கும் தெரியாது. பாவாயிக்குத் தண்ணீர்க் கணக்கு மட்டும் தெரியும், "தொட்டித் தண்ணி முச்சூடும் தீத்துப்புட்டு வர்றீங்களே, கக்கூசையா குளிப்பாட்டறீங்க?" என்றாள், நான் ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு யார் காரணம் என்று ஆரம்பித்தேன், அவள் எழுந்து போய்விட்டாள். நான் ஆரம்பித்தால் அவள் எழுந்து போவாள். ஆனால் இங்கே எழுந்து போகவில்லை. இங்கே கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்கிறாள். எதிரே வெள்ளைச் சுவரில் ஒரு செல்போனின் முகம் புரொஜெக்டர் வழியாகக் கதவளவுக்குப் பெரிதாகி ஒளிர்கிறது, அதன் பக்கத்தில் சுகந்தி ஒரு குச்சிகூட இல்லாமல் வெறும் விரலால் காட்டுகிறாள். நான் கடைசி பெஞ்சில், நாளிதழ் ஸ்டாண்டை ஒட்டி, பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருக்கிறேன். நான் பேப்பர் படிக்க வந்தவன். இதை யார் கேட்டாலும் சொல்வேன். அடிவயிறு கனக்கிறது. நூலகத்துக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது, ஆனால் போனால் பார்க்க வேண்டியிருக்கும்.

சுகந்தி இந்த நூலகத்தின் நூலகர், அருக்காணியின் மகள். அருக்காணி நான் செயலாளராக இருந்த சங்கத்தில் இருந்தவள், தறிக்கு நூல்தார் சுற்றிய கை, கொடி பிடித்த கை, வாய் மட்டும் தனிச் சங்கம். மகள் படித்து வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் ஞாயிறு காலைகளில் இப்படி ஒரு வகுப்பு ஆரம்பித்தாள், நோவு நொடி என்றால் செல்போனில் எப்படித் தேடுவது, தேடினதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது. இதற்குக் கூட்டம் வருகிறது. பாவாயி மாதிரி சர்க்கரைக்காரர்கள், குழந்தை உண்டானவர்கள், முட்டி வலிக்காரர்கள், சும்மா ஃபேன் காற்றுக்கு வந்தவர்கள். கூட்டத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு கூட்டம் நம் கையில் இருக்கிறதா, நழுவுகிறதா என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் சொல்வேன். நழுவும்போது முதலில் செருப்பு தேடுகிற சத்தம் வரும், பிறகு பீடி வாசம் வரும். இங்கே இரண்டும் இல்லை. இருமக்கூட யாரும் இருமவில்லை. நான் இதே ஜனங்களை நிறுத்தி வைக்க ஒலிபெருக்கி வைத்துத் தொண்டை கிழியக் கத்தினேன், முதலாளி வர்க்கம் என்றேன், ஏகாதிபத்தியம் என்றேன், இவளோ சத்தத்தைக் கூட்டாமல், பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற குரலில், "ஏனுங் மாமா, போன்ல வந்ததுன்னு அப்பிடியே நம்பிரலாமுங்களா?" என்கிறாள். தையல்கடைக்காரர் விறைப்பாக, "வகுறு நோவுக்கு மருந்துன்னு என்ற மச்சான் அனுப்புனது அம்மிணி, மச்சான் பொய் சொல்ல மாட்டான்" என்கிறார். "மச்சான் பொய் சொல்லலீங். மச்சானுக்கு அனுப்புனது யாருங்?" அவர் யோசிக்கிறார். "அவன்ற மச்சானா இருக்கும்" என்கிறாள் அருக்காணி, "சம்பந்தம் பண்ணிப் பண்ணியே வகுறு நோவு ஊர் முச்சூடும் பரவிப்போச்சு." கூட்டம் சிரிக்கிறது. பாவாயி சிரிக்கிறாள், தோள் குலுங்குகிறது. அந்தத் தோளை நான் எப்போது கடைசியாகக் குலுங்கப் பார்த்தேன்.

"பக்கத்தோட அடிக்குப் போங்க" என்கிறாள் சுகந்தி. "மேல என்ன பெருசா எழுதியிருக்குதுன்னு பாக்காதீங்க. கடைசி வரைக்கும் தள்ளுங்க. யாரு எழுதுனது, எந்த வருசம் எழுதுனது, எவிய நடத்தறாங்க, எல்லாம் அடியில போட்டிருக்கோணும். போடலைன்னா அது மொட்டைக் கடுதாசி." பேப்பருக்கு மேலே எட்டிப் பார்க்கிறேன், ஏனென்றால் அது என்னுடையது. அடியில் பார் என்பது என்னுடையது. வேலைநிறுத்தத்தின் நடுவில் ஒரு விடியலில் ஊர் முழுக்க ஒரு நோட்டீஸ் கிடந்தது, சங்கத்தின் பெயரில், பேச்சுவார்த்தை முடிந்தது, தோழர்கள் வேலைக்குத் திரும்பவும் என்று. பாதிப்பேர் சாப்பாட்டுத் தூக்கோடு தறிக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று கத்தினேன். அடியில் பார்! அச்சகத்தின் பேர் இருக்குதா பார்! அச்சகத்தின் பெயர் போடாத நோட்டீஸ் சங்க நோட்டீஸ் இல்லை! ஜனங்கள் நடுப்பாலத்தில் நின்று நோட்டீசின் அடியைப் பார்த்தார்கள், வெறும் வெள்ளை, அப்படியே திரும்பினார்கள். அர்த்தனாரி அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். அருக்காணி அந்தப் பாலத்தில் இருந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது, அது இந்தச் சுகந்தியாகத்தான் இருக்கும். என் தொண்டையிலிருந்து தாயின் காதுக்கு, தாயின் வாயிலிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து இந்த ஊருக்கு. நடுவில் எங்கேயும் என் பெயர் இல்லை. இதைத்தான் ஆறாவது என்றேன். இன்னும் சொல்ல வேண்டுமானால் பாவாயியின் சர்க்கரை நோவுப் பொடி. போன் பார்த்து ஒரு பொடியை வரவழைத்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள், இது முதலாளித்துவக் கொள்ளை என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. இந்தப் பெண் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அத்தே, பொடி நல்லதுன்னு சொல்றது யாரு? பொடி விக்கறது யாரு? ரெண்டு பேரும் ஒருத்தர்தானான்னு நீங்களே பாருங்" என்றாளாம், பாவாயி அன்றே பொடியைக் குப்பையில் கொட்டிவிட்டு மாத்திரைக்குத் திரும்பினாள். "நானும் அதைத்தானே சொன்னேன்" என்றேன். "நீங்க என்னையப் பாத்தா சொன்னீங்க? கூட்டத்தைப் பாத்துச் சொன்னீங்க" என்றாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

நானும் தேடினேன். அதைச் சொல்லாமல் விட முடியாது. கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன், சிறுநீரில் ரத்தம். அது கொட்டியது. மூன்றே நாளில் குணம் என்று ஒன்று, வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் கண்ணை உருட்டுகிற வீடியோ ஒன்று, உடனே சாவு என்று ஒன்று. அதற்கு நடுவில் ஒரு பக்கம் இருந்தது. மக்களே, விழித்தெழுங்கள்! மருந்துக் கம்பெனிகள் உங்களிடமிருந்து மறைக்கும் உண்மைகள்! அம்பலம்! அம்பலம்! அடுத்து அதே வேகத்தில் எண் போட்டு வரிசையாக, ஒன்று, இது நோயே அல்ல, உடல் சூடு. இரண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்தி வைப்பார்கள், அதுவே அவர்கள் பிழைப்பு. மூன்று, வாழைத்தண்டுச் சாறு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை காலம் கழித்து இப்படி ஒரு நடையைப் படித்தேன். ஆச்சரியக்குறிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. எதிரி யார் என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தது. யாரோ ஒரு தோழன் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். நானே எழுதியதுபோல இருந்தது. அதனால் அடியில் பார்க்கவில்லை. ஊரை நடுப்பாலத்தில் நிறுத்தி அடியில் பார்க்க வைத்தவன் தன் கையில் இருந்ததன் அடியில் பார்க்கவில்லை. வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். பாவாயி கேட்டதற்குத் தொந்தி குறைக்க என்றேன், "இருந்தாத்தான குறையறதுக்கு" என்றாள்.

இதே சாற்றை அர்த்தனாரியும் குடித்தான். இங்கேதான் யோசனை போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, எந்தப் பக்கம் திருப்பினாலும் இங்கேயே வந்து நிற்கிறது. நாங்கள் இருவரும் ஒரே சாயப்பட்டறையில் ஒரே தொட்டியில் இளவட்டத்தில் கை நனைத்தவர்கள். முழங்கை வரைக்கும் சிவப்பு, சோறு தின்னும்போது சோறும் சிவப்பு, கோயிலில் விபூதி வாங்கினால் விபூதியும் சிவப்பு. பெண் பார்க்கப் போனபோது பாவாயியின் அம்மா என் கையைப் பார்த்து, மாப்பிள்ளை மருதாணி வைப்பாராக்கும் என்று கேட்டாள். பிறகு சங்கம் வந்தது, தொட்டியை விட்டு வெளியே வந்தோம், கை வெளுத்தது, அதோடு அது முடிந்தது என்று நினைத்தோம். அர்த்தனாரி கடைசிக் காலத்தில் பொதுக்கூட்டத்தின் நடுவில் அடிக்கடி எழுந்து போவான். சூடு தோழர் என்பான், பையில் எப்போதும் ஒரு பாட்டில் வாழைத்தண்டுச் சாறு இருக்கும். சூடு என்று சொல்லிக்கொண்டே இளைத்தான், யாரிடமும் காட்டவில்லை, காட்டியபோது மூத்திரப்பையில் கட்டி, நேரம் கடந்துபோச்சு என்று சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக்கூடச் சொல்லலீங், துணியக்கூட அவரே துவைச்சாருங்" என்று அழுதாள். நான் அப்போது என்ன நினைத்தேன் என்றால், ஊர்வலம் பாலம் தாண்டிப் போகும்போலிருக்கிறதே, இத்தனை கொடி எனக்கு வராதே என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன். இப்போது இதிலும் அவன்தான் முதல், நான் அவனுக்குப் பின்னால். இந்த நோவிலும் நான் 'உள்ளிட்டோர்'. அடிவயிற்றில் கனம் முறுக்குகிறது, காலை மாற்றிப் போட்டு உட்கார்கிறேன், பெஞ்சு கிறீச்சிடுகிறது, முன்வரிசைத் தலை ஒன்று திரும்பிப் பார்க்கிறது, பாவாயி இல்லை, அருக்காணி. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்கிறேன். நேராகத்தான் இருக்கிறது.

கேள்வி நேரம் வந்துவிட்டது. இங்கே யாரும் தனக்கு என்று கேட்பதில்லை, ஒவ்வொருவருக்கும் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். தெரிந்தவருக்கு மூலம், தெரிந்தவரின் மருமகளுக்கு வெள்ளைப்படுதல். சுகந்தி அந்தத் தெரிந்தவர்களை மரியாதையாக நடத்துகிறாள், அவருக்கு எத்தனை வயசுங், அவர் என்ன மருந்து சாப்பிடறாருங் என்று கேட்கிறாள், யாரையும் கூர்ந்து பார்ப்பதில்லை. எங்கள் சங்கத்தில் இது நடக்காது. எங்கள் சங்கத்தில் பெயரில்லாத புகாரை நான் தொடவே மாட்டேன், கிழித்துப் போடுவேன், பெயரோடு சொல்ல வைக்கிற அந்த வழக்கமும் இங்கே ஓர் ஓரத்தில் மிச்சம் இருக்கிறது. வகுப்பு முடிகிறபோது, அடுத்த செவ்வாய்க்கிழமை அருக்காணியோடு பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் பெயரை எழுந்து நின்று உரக்கப் படிக்கிறார்கள், பெயர் படித்ததும் அவர் வர்றேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், சொன்னபிறகு பின்வாங்க முடியாது. இது மறியலுக்கு முந்தின நாள் வாயிற்கூட்டத்தில் நான் கொண்டுவந்த வழக்கம். தொழில், தகப்பன் பெயர், தன் பெயர், இந்த வரிசையில் படிப்பேன். கீழே நூறு பேர் சாட்சி. போலீசுக்குப் பயந்து வீட்டில் படுத்துக்கொள்ள நினைத்தவனும் மறுநாள் பல் துலக்காமல் வந்து நிற்பான். இதையும் எடுத்துக்கொண்டார்கள். கேட்டு எடுத்தார்களா? ஒரு வார்த்தை, இது தோழர் சொல்லிக்கொடுத்தது என்று ஒரே ஒரு வார்த்தை. கேட்கிறேன், இன்று இவளைக் கேட்கிறேன், எல்லோர் முன்னாலும் மடக்குகிற மாதிரி ஒரு கேள்வி. பேப்பரை மடித்துத் தொடையில் வைக்கிறேன். வாய் திறக்கிறது. வந்தது வேறு.

"ஒரு தோழர்" என்கிறேன். என் குரல் எனக்கே அதிகச் சத்தமாகக் கேட்கிறது, எல்லாத் தலையும் திரும்புகிறது, பாவாயியின் தலை மட்டும் திரும்பவில்லை. "ஒரு தோழருக்கு மூத்திரத்தில் ரத்தம். வலி கிடையாது. அது வெறும் சூடு, ஆஸ்பத்திரிக்காரன் பிழைப்புக்குப் பயமுறுத்துகிறான் என்று ஒரு பக்கம் ஆதாரத்தோடு சொல்கிறது. உங்கள் போன் என்ன சொல்கிறது?" மடக்குகிற குரலில்தான் கேட்டேன். சுகந்தி மடங்கவில்லை. "நல்ல கேள்விங் பெரியப்பா, தேடிப் பாத்துரலாம்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகிறாள், சுவரில் எழுத்துகள் விழுகின்றன, மேலே முதலில் வருவதற்குப் பக்கத்தில் விளம்பரம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதை விரலால் காட்டித் தள்ளுகிறாள், அதற்குக் கீழே அது. மக்களே, விழித்தெழுங்கள். என் பக்கம். கதவளவுக்குப் பெரிதாக, எல்லா ஆச்சரியக்குறிகளோடும். "இதுங்களா?" ஆமாம் என்று தலையாட்டுகிறேன். "நல்லா எழுதியிருக்காங். படிச்சா ரத்தம் கொதிக்குது. அடிக்குப் போலாமுங்களா?" போகிறாள். என் நெஞ்சு அந்தச் சுவரில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று, அம்பலம், அம்பலம், இன்னும் கீழே. அடியில் பெயர் இல்லை. வருடம் இல்லை. ஒரு டப்பாவின் படம் இருக்கிறது, வாழைத்தண்டுப் பொடி, ஆர்டர் செய்ய இங்கே தொடவும். யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அது எனக்குச் சுலபம். தையல்கடைக்காரர் மட்டும் மெதுவாக, "இவனும் நம்ம மச்சான்தானாட்ட இருக்குது" என்றார்.

பிறகு அவள் வேறொரு பக்கம் போகிறாள். ஒரு மருத்துவக் கல்லூரி போட்டது, தமிழில்தான் இருக்கிறது, ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை, உப்பில்லாத கஞ்சி மாதிரி எழுத்து. முதலில் அடிக்குப் போய்க் காட்டுகிறாள், எழுதிய டாக்டர்களின் பெயர்கள், அதைச் சரிபார்த்த வருடம், விற்பதற்கு எதுவும் இல்லை. பிறகு மேலே வந்து படிக்கிறாள். சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், தானாக நின்றுபோயிருந்தாலும், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கிருமியாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். புகை பிடிப்பவர்கள், சாயத்தொழிலில் வேலை செய்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், வேலையை விட்டுப் பல வருடம் கழித்தும் வரலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். "ஒரு இடத்துல பாத்தாப் பத்தாதுங்" என்று இன்னொரு இடத்துக்கும் போகிறாள், அரசாங்கத்தின் பக்கம், அங்கேயும் அதேதான். "இவ்வளவுதாங் பக்கம் சொல்லும். அந்தத் தோழருக்கு என்ன நோவுன்னு பக்கமும் சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன். டாக்டர்தான் சொல்லோணும். அவர் என்ன வேலை பாத்தாருங் பெரியப்பா?" சாயப்பட்டறை என்கிறேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொல்கிறேன். முதல் வரிசையிலிருந்து, தலையைத் திருப்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே பாவாயி, "அந்தத் தோழரு சம்சாரத்துக்கு இது தெரியுமான்னு கேளு கண்ணு" என்கிறாள். சுகந்தி கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. முந்தானையின் நுனியைப் பாவாயி விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். தொட்டித் தண்ணீர். கக்கூசையா குளிப்பாட்டுகிறீர்கள். எத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறாளோ, நான் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லாமல் அவளைப் பார்த்துச் சொல்வேன் என்று.

செவ்வாய்க்கிழமைக்கான பெயர்களை ஒரு தாளில் எழுதுகிறார்கள். நான் எழுந்து போய்விடலாம். கதவு என் பக்கத்தில்தான் இருக்கிறது, பேப்பர் படிக்க வந்தவன் படித்துவிட்டுப் போகிறான். அந்தத் தோழர் செத்துப்போய்விட்டார் என்று சொல்லலாம், பொய்யும் இல்லை, அர்த்தனாரி செத்துத்தான் போனான். அவன் பெயரையே சொல்லலாம், எல்லாத் தாளின் அடியிலும் அவன் பெயர் இருந்ததுதானே, இதிலும் இருந்துவிட்டுப் போகட்டும். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, அவனுடைய பெயர் என் வாய்க்கு என் பெயரைவிடப் பழக்கம். அதற்குள் அருக்காணி தாளை எடுத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவில் நடந்து நேரே என்னிடம் வருகிறாள். "ஏனுங் செயலாளரே, நீங்களே படிங்க. என்ற புள்ளைக்குச் சத்தம் பத்தாது. உங்க தொண்டைக்குத்தான் ஆத்துக்கு அக்கரையில இருக்கறவனும் எந்திரிச்சு உக்காருவான்." நான் தாளை வாங்கவில்லை. "என் பேர் எங்கேயாவது இருக்குதா அருக்காணி" என்கிறேன், சம்பந்தமில்லாமல், இத்தனை வருடத்துக் கசப்போடு, "துண்டறிக்கையில இருக்குதா, கல்வெட்டுல இருக்குதா, இன்னைக்கு உன்ற மக அடியில பாருன்னாளே, அதுல இருக்குதா?" அவள் இடுப்பில் கை வைத்துக்கொள்கிறாள். "அடியில பாருன்னு எங்க செயலாளர் பாலத்து மேல ஏறிக் கத்துனாருன்னு இவ மொத வகுப்புலயே சொன்னா. நீங்கதான் வரலை. வந்திருந்தாலும் பேப்பருக்குள்ள தலைய விட்டிருப்பீங்க." பிறகு குரலைத் தாழ்த்தாமல், தாழ்த்த அவளுக்குத் தெரியாது, "ஏனுங், வாயிற்கூட்டத்துல எங்க பேரையெல்லாம் தகப்பன் பேரோட படிச்சீங்களே, ஒரு நாளாவது உங்க பேரைப் படிச்சிருக்கீங்களா? நாங்களும் படிப்பாரு படிப்பாருன்னு பாத்தோம். மறியலுக்கு வர்றேன்னு நீங்க மட்டும் எங்க முன்னால சொன்னதே இல்லை." படிக்கிறவனின் பெயரை யார் படிப்பார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பதில் அவள் கையில் தாளாக நீட்டிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

எழுந்து நிற்கிறேன். அடிவயிறு கனக்கிறது, பொறு, கொஞ்சம் பொறு. இந்த ஜனங்கள் என்னைப் பார்க்கிறார்கள், செருப்புத் தேடுகிற சத்தம் இல்லை. படிக்கிறேன். தறித்தொழிலாளி, செங்கோடன் மகன் வையாபுரி. வர்றேனுங் என்கிறார் வையாபுரி. பூக்கடை, மாரியப்பன் மகள் தங்காயி. வர்றேன். தையல்கடை, பொன்னுச்சாமி மகன் ராசு. "மச்சானையும் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்கிறார், சிரிப்பு, என் உதடும் கொஞ்சம் இழுபடுகிறது. அத்துடன் தாள் முடிந்தது. அதற்குக் கீழே வெள்ளை. சுகந்தி சுவரின் பக்கத்தில் நின்று பார்க்கிறாள், அவளைப் பிடிக்கவில்லை எனக்கு, இன்னும் பிடிக்கவில்லை, அந்தக் குரல், அந்தப் பொறுமை, என் கூட்டம் அவளிடம் இருப்பது. அர்த்தனாரி ஞாபகம் வருகிறான், கூட்டத்தின் நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு சூடு தோழர் என்று எழுந்து போகிறான், அவன் முதுகு. அவன் மாலை வாங்கினான், கல்வெட்டு வாங்கினான், பாலம் தாண்டிப் போகிற ஊர்வலம் வாங்கினான், இதை அவன் செய்யவில்லை. கழுத்து நிறைய மாலை போட்டுக்கொண்டவனுக்கு இதைச் சாட்சிகள் முன்னால் எழுந்து நின்று சொல்லத் தைரியம் இருக்கவில்லை. இதில் எனக்கு முன்னால் யாரும் இல்லை. பாவாயி இப்போது முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள், முதல் வரிசையில், என்னைப் பார்த்துக்கொண்டு. நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே, தாளின் அடியில் இல்லாததை, வரிசை தவறாமல், அக்கரைக்குக் கேட்கிற குரலில் படித்தேன்:

"சாயப்பட்டறைத் தொழிலாளி, காளியண்ணன் மகன், சென்னியப்பன்."